வீட்டில் செய்யும் ரெசின் லேமினேட்டில் ஏர் ரைபிள் கட்டை: கைலித் துணி தாங்குமா?

கெடிலக்கரை (கடலூர் முதுநகர்):

அனைவருக்கும் வணக்கம். என் மகள் கல்லூரியில் படித்துக்கொண்டே 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டிகளில் கலந்துகொள்கிறாள். அவளிடம் இருப்பது பக்கவாட்டு நெம்புகோலால் காற்றேற்றும் பழைய 4.5 மி.மீ. ரைபிள். குழலிலும் ஆக்‌ஷனிலும் (காற்றை அழுத்திச் சுடும் பொறியிலும்) இன்றைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பீச் மரத்தால் ஆன அதன் கட்டை (குழலையும் பொறியையும் தாங்கி, தோளில் ஊன்றிப் பிடிக்கும் உடல்) உயரமான ஓர் ஆணை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. தோள்முனை நீளம், பிடி பருமன், கன்னம் படும் இடம் தாழ்வு. இவை மூன்றும் சேர்ந்து அவளைக் கழுத்தை முன்னே நீட்டிக் குறிபார்க்க வைக்கின்றன. இறக்குமதியாகும் அலுமினியக் கட்டையின் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்பதால், கட்டையை வீட்டிலேயே செய்துவிடலாம் என்று முடிவெடுத்திருக்கிறேன்.

கத்திப் பிடி செய்பவர்கள் துணியை அடுக்கடுக்காக ரெசினில் (இறுகிக் கெட்டியாகும் பிசினில்) நனைத்து, அழுத்தி இறுக்கி, கல் போன்ற கெட்டிப் பலகையாக்குவதைப் பார்த்திருக்கிறேன். குறிஞ்சிப்பாடியில் தறி வைத்திருக்கும் உறவினர் வீட்டில் கைலித் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும். கட்டம் போட்ட கைலியை அடுக்கிச் செதுக்கினால், வளைவுகளில் வண்ணக் கோடுகள் வரைபடம் போல வெளிப்படும் என்பது என் ஆசை. முதுநகரில் பைபர் படகு கட்டும் பட்டறையிலிருந்து பாலியெஸ்டர் ரெசினும் சல்லிசாகக் கிடைக்கும்.

நான் கேட்க விரும்புவது இதுதான். 75 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 5 செ.மீ. கனத்தில் ஒரே கட்டியாகத் துணி லேமினேட்டைச் செய்து, அதிலிருந்து முழுக் கட்டையையும் செதுக்கி எடுக்க முடியுமா? படகு ரெசின் போதுமா, அல்லது எபாக்ஸிதான் வேண்டுமா? நம் ஊர் வெயிலிலும் ஐப்பசி மழை ஈரத்திலும் அது அசையாமல் நிற்குமா? தராசில் வைத்துப் பார்த்ததில் ரைபிள் முழுவதுமாக 4.2 கிலோவும், கழற்றிய கட்டை மட்டும் 1.4 கிலோவும் இருக்கின்றன.


வங்கக்கடல் பைபர் (தேங்காய்த்திட்டு, புதுச்சேரி):

ஐயா, படகுப் பட்டறையில் இருப்பவன் என்ற முறையில் முதலில் ரெசினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் கட்டுமரங்கள் குறைந்து பைபர் படகுகள் பெருகியபோது, பாலியெஸ்டர் ரெசினும் கண்ணாடியிழை விரிப்பும் எங்களுக்கு அன்றாடப் பண்டங்களாகிவிட்டன. அந்த ரெசின் படகுக்கு நல்லதுதான். ஆனால் படகு ஓடு மெல்லியது, விரிந்து பரந்தது. இறுகும்போது பிறக்கும் சூடு உடனுக்குடன் காற்றில் கலந்துவிடும். நீங்கள் கேட்பதோ 5 செ.மீ. கனமுள்ள கட்டி. அதை ஒரே வேளையில் ஊற்றி அழுத்தினால் நடுவில் சூடு சிக்கிக்கொண்டு ஏறிக்கொண்டே போகும்; விளிம்பு இறுகும் முன்பே நடுப்பகுதி புகைந்து, வெடிப்பு விட்டுவிடும். பக்கெட்டின் அடியில் மறந்து விட்டுவைத்த ரெசின் பிளாஸ்டிக்கையே உருக்குவதைப் படகுப் பட்டறையில் வேலை பார்த்த எவரும் பார்த்திருப்பார்.

சுருக்கமும் ஒரு தொல்லை. பாலியெஸ்டர் இறுகும்போது கன அளவில் ஏறத்தாழ 5 முதல் 8 சதவீதம் வரை சுருங்கும்; எபாக்ஸியில் அது மிகக் குறைவு. படகின் பக்கவாட்டில் அரை மில்லிமீட்டர் நெளிவு இருந்தால் மீனுக்கும் தெரியாது, மீனவருக்கும் தெரியாது. ரைபிளின் ஆக்‌ஷன் உட்காரும் பள்ளத்தில் அதே நெளிவு இருந்தால் திருகை முறுக்கும்போதே உலோகம் வளையத் தொடங்கும். மேலும், பாலியெஸ்டர் மரத்தை இறுகப் பிடிக்காது. பிற்பாடு மரத்தோடு சேர்க்கும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சோதனைக்காகச் சிறு துண்டு செய்து பார்க்கத் தோன்றினால், ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ரெசினை இறுகச் செய்யச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் எந்தக் காரணத்துக்காகவும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது, அவை வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் முழுவதுமாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்டை ஊற்ற வேண்டும். கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் தெறித்தாலும் பார்வைக்கே ஆபத்து என்பதால் கண்ணாடி அணியாமல் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம். எபாக்ஸிக்கு மாறிவிட்டால் வெடிக்கும் கவலையும், பாலியெஸ்டர் ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் நாற்றமும் ஒருசேர ஒழியும்; கண்ணாடி மட்டும் அப்போதும் வேண்டும். வீட்டில் குழந்தைகளும் வயதானவர்களும் இருந்தால் அந்த நாற்றம் சின்ன விஷயமில்லை.

என் பங்குக்கு ஒரு யோசனை: பிடிக்கழுத்துப் பகுதியில் இரண்டு அடுக்குக் கண்ணாடியிழைத் துணியை நடுவில் வைத்தால் அந்த இடம் உடையவே உடையாது.


பழைய ஹைலம் (நெய்வேலி):

மின்காப்புப் பலகைகள் செய்யும் தொழிலில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். படகுப் பட்டறை நண்பர் சொன்ன அனைத்தையும் ஒப்புக்கொள்கிறேன். எண்ணிக்கைகளை மட்டும் நான் சேர்க்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்விக்கான விடை பெரும்பாலும் எடைக் கணக்கிலேயே இருக்கிறது.

உங்கள் பீச் கட்டை 1.4 கிலோ. பீச்சின் அடர்த்தி கன செ.மீ.க்குச் சுமார் 0.7 கிராம் என்று கொண்டால், கட்டையின் கன அளவு ஏறத்தாழ 2 லிட்டர். நன்றாக அழுத்திச் செய்த பருத்தி–எபாக்ஸி லேமினேட்டின் அடர்த்தி 1.3 அளவில் இருக்கும். அதே வடிவத்தை அதில் செதுக்கினால் கட்டை மட்டும் 2.6 கிலோ, ரைபிள் 5.4 கிலோ. 10 மீட்டர் ஏர் ரைபிளுக்குச் சர்வதேச விதிகளில் மேல் வரம்பு, குறிபார்க்கும் கருவிகளையும் சேர்த்து, 5.5 கிலோதான். விதியை மீறவில்லையே என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் கன்னத் தாங்கியைத் திருத்தவோ, முனையில் எடை சேர்த்துச் சமன் செய்யவோ 100 கிராம்தான் மிஞ்சும். இப்போதே பருமனான கட்டையோடு போராடும் பெண்ணுக்கு மேலும் 1.2 கிலோவைச் சுமத்துவது எந்த விதத்திலும் உதவியாகாது.

செலவையும் பாருங்கள். நீங்கள் சொன்ன அளவுள்ள கட்டியின் கன அளவு 7,500 கன செ.மீ.; அதன் எடை 10 கிலோவை நெருங்கும், அதில் பாதி எபாக்ஸி. அழுத்திய பிறகு ஓர் அடுக்குத் துணி கால் மில்லிமீட்டர் கனம் என்றால் 200 அடுக்குகள் வேண்டும். 2 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் கொண்ட கைலிகளில் ஒரு டஜனுக்கு மேல் இந்தக் கட்டிக்குள் போய்விடும். பிறகு அந்த 10 கிலோவில் கால்வாசியைத்தான் கட்டையாக வைத்துக்கொள்ளப் போகிறீர்கள். மீதி முக்கால்வாசி தூளாகவும் துண்டாகவும் குப்பைக்குப் போகும்.

ஆகவே என் தீர்ப்பு இது: துணி லேமினேட்டை முழு உடலுக்கு வைக்காதீர்கள், பாடுபடும் இடங்களுக்கு மட்டும் வையுங்கள். வியர்வை ஊறும் பிடி, கன்னம் உரசும் தாங்கி, தோள்முனைத் தகடு, திருகு அழுத்தும் இடம் ஆகியவற்றுக்கு அதை விஞ்சிய பொருள் கிடையாது. அது நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும், பிளவாது, அரத்துக்கும் உப்புத்தாளுக்கும் நன்றாக இணங்கும். உடலை மர லேமினேட்டில் செய்யுங்கள். அதை எப்படிச் செய்வதென்று மரவேலை தெரிந்தவர் சொல்லட்டும்.

பழைய சுவிட்ச் போர்டுகளில் இருந்த பழுப்பு ஹைலம் பலகையை நம் வயதினர் அறிவோம். பேக்லாந்து 1907இல் கண்ட பேக்கலைட்டின் வழியில், வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் 1910 வாக்கில் காகிதத்தையும் துணியையும் பினாலிக் ரெசினில் தோய்த்து மைகார்ட்டாவைச் செய்தது. ஹைலமும் அந்தக் குடும்பம்தான். பினாலிக் வகைக்கு 150 டிகிரி அளவில் சூடும், பெரிய அழுத்தப் பொறியும் வேண்டும். பார்மால்டிஹைடு ஆவியும் வரும். வீட்டுக் கொல்லையில் அதை முயலவே கூடாது. வீட்டில் செய்பவர்கள் எல்லோரும் எபாக்ஸியில்தான் செய்கிறார்கள், அதுவே போதும்.

எபாக்ஸியில் நம் நாட்டில் பரவலாகக் கிடைப்பது எல்ஒய் 556 ரெசினும் எச்ஒய் 951 கடினமாக்கியும். எடையில் 100 பங்குக்கு 10 பங்கு. கண்ணளவில் ஊற்றக் கூடாது, நகைக்கடைத் தராசு போன்ற நுண் தராசில் நிறுத்தே கலக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று கடினமாக்கியைக் கூட்டுபவர்கள் உண்டு. அது பாலியெஸ்டர் பட்டறையின் பழக்கம். எபாக்ஸியில் கூடுதலாகப் போனது வினைபுரிய இணை கிடைக்காமல் உள்ளேயே தங்கி, பண்டத்தை மென்மையாக்கிவிடும். நம் சித்திரை வெயிலில் 100 கிராம் கலவை அரை மணிக்கு முன்பே கெட்டியாகத் தொடங்கும் என்பதால், சிறு சிறு அளவாகக் கலந்து, அகலமான தட்டில் ஊற்றிப் பயன்படுத்துங்கள். கடினமாக்கி ஓர் அமீன். கையில் பட்டுப் பட்டு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு ஆயுளுக்கும் அந்தப் பொருளின் அருகே போக முடியாது. நைட்ரைல் கையுறை அணியுங்கள்; கையில் ஒட்டியதைத் தின்னரால் துடைக்காமல் சோப்பால் கழுவுங்கள்.

துணியைப் பற்றி இரண்டு சொல்ல வேண்டும். கடைக்கு வரும் கைலியில் கஞ்சி இருக்கும். கஞ்சி போகாத நூலுக்குள் ரெசின் நுழையாது. மேலோட்டமாக ஒட்டிக்கொண்டு, பிறகு அரத்தால் தேய்க்கும்போது அடுக்கடுக்காக உரியும். வெந்நீரில் ஊறவைத்து, நீர் வழவழப்பு இல்லாமல் ஓடும் வரை அலசி, நன்கு வெயிலில் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் ரெசினில் நனையுங்கள். அடுத்து, அது முழுப் பருத்திதானா என்று பார்க்க ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள்: பருத்தி சாம்பலாக உதிரும், பாலியெஸ்டர் கலந்திருந்தால் நுனியில் கறுப்பு மணியாக உருண்டு நிற்கும். கலப்பு நூலை ஒதுக்கிவிடுங்கள்.

அழுத்தத்துக்கு 2 டன் பாட்டில் ஜாக் ஒன்றும், அதைத் தாங்கும் இரும்புச் சட்டமும் போதும். 15 செ.மீ. × 10 செ.மீ. துண்டின் மேல் அது சதுர செ.மீ.க்கு 13 கிலோ அளவில் அழுத்தும். மிகுந்த ரெசினும் காற்றும் வெளியேற அது தாராளம். இதே ஜாக்கை உங்கள் 75 × 20 பலகையின் மேல் வைத்தால் ஒன்றரை கிலோவுக்கும் குறைவுதான் கிடைக்கும். பெரிய கட்டி வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம்.


ஆலமரத்தடி ஆசாரி (பண்ருட்டி):

நெய்வேலிப் பெரியவர் மரத்தை என் பக்கம் தள்ளிவிட்டார், வாங்கிக்கொள்கிறேன்.

மரத்தை மெல்லிய பட்டைகளாக அறுத்து ரெசினால் ஒட்டிக் கட்டை செய்வது புதியதன்று. 1930களின் இறுதியில் ஜெர்மானியர்கள் தங்கள் கே98கே ராணுவ ரைபிளுக்குப் பீச் மர லேமினேட் கட்டைகளைப் போடத் தொடங்கினார்கள். நல்ல வால்நட் தட்டுப்பாடு ஒரு காரணம். ஒரே மரத்துண்டைப் போல ஈரத்துக்கு முறுக்கிக்கொள்ளாது என்பது மற்றொன்று. ஒவ்வொரு பட்டையும் தன் போக்கில் வளையப் பார்க்கும், பக்கத்துப் பட்டை அதை விடாது. கடற்கரை ஊரில் நமக்கு வேண்டியதும் அதுதான்.

கடையில் விற்கும் பிளைவுட்டை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அது எத்தனை உயர்ந்த மரைன் பிளை ஆனாலும், அதில் ஒரு தாளின் ரேகை நீளவாக்கிலும் அடுத்ததன் ரேகை குறுக்காகவும் ஓடும். அலமாரிக்கு அது சரி. ரைபிள் கட்டையின் கழுத்தில் குறுக்கே ஓடும் தாள்கள் வலுவுக்கு உதவாமல் சும்மா இருக்கும்; செதுக்கும்போது சில்லு சில்லாகப் பெயரும். கட்டைக்கு எல்லாப் பட்டைகளின் ரேகையும் நீளவாக்கிலேயே ஓட வேண்டும், பிடிக்கழுத்தில் ரேகை வெட்டுப்பட்டு வெளியே ஓடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

மரத்துக்கு நான் பலாவையே சொல்வேன். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கரையைக் கடந்தபோது எங்கள் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. அப்போது விழுந்த மரங்களை அறுத்து அடுக்கிய பலகைகள் இன்னும் சிலரிடம் இருக்கின்றன; இத்தனை ஆண்டுகள் நிழலில் உலர்ந்த பலாவைப் பணம் கொடுத்தாலும் வேறெங்கும் வாங்க முடியாது. எடை குறைவு, இழைப்புக்கு இணங்கும், மஞ்சளாகத் தொடங்கி நாள்பட நாள்பட வெல்ல நிறத்துக்கு வரும். தேக்கும் நல்லதுதான், ஆனால் தேக்கில் எண்ணெய் உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைக்காவிட்டால் எபாக்ஸி பிடிப்பதில்லை. பூவரசின் நார் பின்னிக் கிடப்பதால் எளிதில் பிளவாது. நேரான நீளத் துண்டு கிடைப்பதுதான் அரிது.

பலகையை 3 மி.மீ. பட்டைகளாக அறுத்தால் 5 செ.மீ.க்குப் பதினாறு பதினேழு பட்டைகள் வேண்டும். அறுத்த வரிசையிலேயே எண் போட்டு, ஒன்று விட்டு ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி அடுக்குங்கள். ஈரமானி 12 சதவீதத்துக்கு மேல் காட்டினால் ஒட்ட வேண்டாம். கண்ணாடி போல இழைத்து விடாமல், 80 எண் உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி, முதலில் வெறும் எபாக்ஸியை இரு பக்கமும் தடவி மரம் குடிக்க விடுங்கள். அதன் பிறகு சலித்த மர மாவு கலந்து குழைத்த எபாக்ஸியைத் தடவி அடுக்குங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. துணிக்குப் பெரியவர் சொன்ன ஜாக் அழுத்தத்தை மரத்துக்குக் கொடுக்காதீர்கள். பெவிகால் பழக்கத்தில் நாம் சி கிளாம்பைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்குவோம். எபாக்ஸியில் அப்படிச் செய்தால் பசை முழுதும் பிதுங்கி வெளியேறி இணைப்பு வறண்டுவிடும். விளிம்பு நெடுக மணி மணியாகப் பசை எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிடுங்கள். நனைந்த பட்டைகள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கி ஓடும் என்பதால், கழிவாகப் போகும் இரு மூலைகளில் முன்கூட்டியே துளையிட்டு மூங்கில் ஆணி செருகிக்கொள்வது நல்லது.

தேங்காய்த்திட்டு நண்பரின் கண்ணாடியிழை யோசனை எனக்கு ஒப்பவில்லை. உளியும் இழைப்புளியும் அந்த அடுக்கில் பட்டதும் முனை மழுங்கும், தூளோ உடம்பெல்லாம் அரிக்கும். கழுத்து ரேகை நேராக இருந்தால் ஏர் ரைபிளுக்கு அந்தக் கூடுதல் வலு தேவையே இல்லை. வலு தேவைப்படும் இடம் வேறு: பக்க நெம்புகோல் மடங்கி உட்காரக் கட்டையின் வலப்பக்கத்தில் நீளப் பள்ளம் வெட்ட வேண்டும். அங்கே மரச்சுவர் மெலிந்து போகும். ஒவ்வொரு முறை காற்றேற்றும்போதும் கை இழுக்கும் விசை அந்த மெல்லிய சுவரின் மேல்தான் இறங்கும். பள்ளத்தின் உட்பக்கம் 4 மி.மீ. கைலி லேமினேட்டைப் பதித்து ஒட்டினால் நெம்புகோல் தட்டும் தழும்பும் விழாது, சுவரும் பிளக்காது.


கெடிலக்கரை:

மிக்க நன்றி. முழுக் கட்டியைக் கைலியில் செய்யும் எண்ணத்தை விட்டுவிட்டேன். ஒரு டஜன் கைலி என்று கேட்டதும் வீட்டில் சிரித்துவிட்டார்கள். உடலுக்குப் பலாப் பட்டைகள், பிடிக்கும் கன்னத்துக்கும் தோள்முனைக்கும் நெம்புகோல் பள்ளத்துக்கும் கைலி லேமினேட் என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டு ஐயங்கள் மட்டும் உள்ளன. நாள் முழுதும் கன்னத்தில் படும் எபாக்ஸியால் தோலுக்குத் தீங்கு வராதா? போட்டிக்குப் போகும்போது ரைபிள் பெட்டி காருக்குள் வெயிலில் கிடக்கும். சூட்டில் எபாக்ஸி இளகாதா?


பழைய ஹைலம்:

முழுதாக இறுகிய எபாக்ஸி தோலை ஒன்றும் செய்யாது. இறுகாத அமீன்தான் தொல்லை. நம் ஊர் ஈரக்காற்றில் இறுகும்போது மேற்பரப்பில் மெழுகு போன்ற ஒரு படலம் எழும். அதை வெதுவெதுப்பான நீராலும் தேய்ப்பு நாராலும் கழுவிய பிறகே உப்புத்தாள் போடுங்கள். நேரடியாகத் தேய்த்தால் படலத்தை உள்ளே அரைத்துவிடுவீர்கள், மேலே பூசும் பூச்சு ஒட்டாது. கடைசியில் இரு பாகப் பாலியூரிதேன் பூச்சு ஒன்று கொடுத்துவிட்டால் வியர்வைக்கும் நல்லது. வெறும் எபாக்ஸி வெயிலில் மஞ்சளிப்பதையும் அது தாமதப்படுத்தும்.

சூட்டைப் பற்றிய உங்கள் ஐயம் சரியானது. அறைச் சூட்டில் மட்டும் இறுகிய எபாக்ஸி 50, 60 டிகிரியிலேயே கொஞ்சம் இளகத் தொடங்கும். மூடிய காரின் உட்புறம் மே மாதத்தில் அந்தச் சூட்டை எளிதில் எட்டும். ஒட்டி ஒரு வாரம் கழித்து, கறுப்பு வண்ணம் அடித்த தகரப் பெட்டியில் கட்டையை வைத்து வெயிலில் வையுங்கள். உள்ளே ஒரு வெப்பமானி இருக்கட்டும். முதல் நாள் 45, அடுத்த நாள் 55, பிறகு 60 டிகிரியைச் சற்றுத் தாண்டிச் சில மணி நேரம் என்று படிப்படியாக ஏற்றினால், இளகும் சூடும் அதற்கேற்ப மேலேறும். இதை ஆக்‌ஷனுக்குப் பள்ளம் எடுப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பள்ளம் எடுத்த பிறகு கட்டை கொஞ்சம் அசைந்தாலும் பொருத்தம் கெட்டுவிடும்.

அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் எழும் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. என்95 முகமூடி அணிவதோடு, முடிந்த வரை நீர் தொட்டுத் தேய்ப்பதே நல்லது.


நிதானக் குறி (லாஸ்பேட்டை, புதுச்சேரி):

இளையவர்களுக்கு ரைபிள் சுடக் கற்றுத் தருகிறேன். பொருளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், அளவைப் பற்றி யாரும் எழுதவில்லை.

அண்ணா, பலாவில் உளி வைப்பதற்கு முன்னால் பழைய பேக்கிங் மரத்தில் ஒரு மாதிரிக் கட்டை செய்யுங்கள். அழகு வேண்டாம், ஆக்‌ஷன் உட்கார்ந்தால் போதும். பிடியில் கார் பட்டறைப் பட்டியைத் தாராளமாக அப்பி, மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அது இறுகும் முன் உங்கள் மகளைச் சுடும் நிலையில் நின்று பிடிக்கச் சொல்லுங்கள்; பட்டி சூடேறுவதற்குள் கையை எடுத்துவிட வேண்டும். கன்னத்துக்கு அட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டி உயர்த்துங்கள். கண்ணை மூடிக்கொண்டு ரைபிளை ஏந்தி, தலையை நேராக வைத்துக் கன்னத்தைச் சாய்த்து, பிறகு கண்ணைத் திறக்கும்போது பின்குறியின் துளை நேரே தெரிய வேண்டும். அப்படித் தெரியும் வரை அட்டையைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருங்கள். ஒரு மாதமாவது அந்த அழகற்ற கட்டையோடு அவள் பயிற்சி செய்யட்டும். அதன் பிறகு எடுக்கும் அளவே உண்மையான அளவு. வளரும் வயது என்பதால் கன்னத் தாங்கியும் தோள்முனையும் நகரும்படி, இரு எஃகுத் தண்டுகளின் மேல் வைத்து, திருகால் இறுக்கும் அமைப்பாகச் செய்வது நல்லது.

எடையில் நெய்வேலி ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன்: மொத்த எடையைவிட அது எங்கே இருக்கிறது என்பதே கையில் தெரியும். கைலி லேமினேட் கனமானது, நீங்கள் அதை வைக்கும் பிடி, கன்னம், தோள்முனை எல்லாமே பின்பக்கம். முன்பக்கம் லேசாகிக் குழல் மேலெழும் உணர்வு வரலாம். தோள்முனைத் தகட்டின் உட்பக்கத்தைக் குடைந்துவிடுங்கள். போட்டிக்கு முன் கருவிச் சோதனையில் தராசில் வைப்பார்கள் என்பதால், வேலை முடிந்ததும் குறிக்கருவிகளோடு சேர்த்து எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் ஒரு வார்த்தை. இந்த ரைபிள் 4.5 மி.மீ.க்கு உட்பட்டது, ஆற்றல் 20 ஜூலுக்கு வெகு கீழே. அதனால்தான் இவ்வளவு இயல்பாகப் பேசிக்கொள்கிறோம். உரிமம் தேவைப்படும் .22 போன்ற துப்பாக்கிகளின் பழுதும் மாற்றமும் 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை, அதை வீட்டுப் பட்டறைக்குக் கொண்டு போக வேண்டாம்.


ஆலமரத்தடி ஆசாரி:

மாதிரிக் கட்டை என்பது நல்ல யோசனை, நானும் அதையே வழிமொழிகிறேன்.

பள்ளம் எடுத்த பின் இரண்டு திருகுத் துளைகளிலும் அலுமினியக் குழாய்த் துண்டுகளை எபாக்ஸி வைத்து நிறுத்துங்கள். திருகு முறுக்கும்போது விசை மரத்தை நசுக்காமல் குழாயின் மேல் இறங்கும், மழைக் காலத்தில் மரம் கொஞ்சம் உப்பினாலும் இறுக்கம் மாறாது. ஆக்‌ஷன் தொடும் பரப்பில் மாவு கலந்த எபாக்ஸியைப் பூசி, ஆக்‌ஷனை மெழுகு பாலிஷ் தடவி உட்கார வைத்து எடுத்தால் இடைவெளியே இல்லாத இருக்கை கிடைக்கும். மெழுகை இரண்டு முறை தடவுங்கள், திருகு மரைக்குள்ளும் தடவுங்கள். இல்லையென்றால் ரைபிளும் கட்டையும் பிரிக்க முடியாத ஒரே பொருளாகிவிடும். பூச்சு கொடுக்கும்போது வெளிப்புறத்தோடு நின்றுவிடாமல் பள்ளத்தின் உள்ளும், தோள்முனைத் தகட்டின் அடியிலும், துளைச் சுவர்களிலும் பூசுங்கள், ஈரம் அங்கிருந்துதான் நுழையும்.

ஒட்டும் வேலையைத் தை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். அதற்குள் மகள் மாதிரிக் கட்டையோடு பழகியிருப்பாள். இரு திருகுகளுக்கு இடைப்பட்ட தூரத்தையும், நெம்புகோல் பள்ளத்தின் நீள ஆழத்தையும் வெர்னியரில் அளந்து எழுதுங்கள். பலாப் பலகையை நான் 3 மி.மீ.க்கு அறுத்து, எண் போட்டு வைக்கிறேன்.